பாதையின் நிபந்தனை

சாலையில் ஓர் உயிர் போய்விட்டால், நம்மவர் நாவில் இரண்டு சொற்கள் முந்திக்கொண்டு வருகின்றன. ஒன்று, "அல்லாஹ்வின் நாட்டம்" என்பது, மற்றொன்று, "பையன் வேண்டுமென்றா செய்தான்?" என்பது. முதலாவது ஈமானின் சொல், அதில் ஐயமில்லை. ஆயினும் இரண்டாவதோடு கைகோத்து வரும்பொழுது, வண்டியோட்டியவனின் பொறுப்பை மூடும் திரையாக அது மாறிவிடுகின்றது. அப்படி மூடுவதற்கு மார்க்கம் இடந்தருகின்றதா என்பதையே ஈண்டு நோக்க விழைகின்றோம்.

வேண்டுமென்று செய்யாதவனைப் பற்றித்தான் திருமறையின் நான்காம் அத்தியாயத்து 92ஆம் வசனம் பேசுகின்றது. தவறுதலாக உயிரைப் போக்கியவன்மீது அது இரு கடமைகளைச் சுமத்துகின்றது. இறந்தவரின் குடும்பத்தாருக்குத் தியத் என்னும் உயிரீட்டுத் தொகை சேர வேண்டும். அவர்களாக மனமுவந்து விட்டுக்கொடுத்தாலன்றி அது நீங்காது. அத்துடன் இறைவனுக்குரிய பரிகாரமாக அடிமை ஒருவரை விடுதலை செய்ய வேண்டும்; அதற்கு வழியற்றவன் இரண்டு மாதங்கள் இடைவிடாது நோன்பு நோற்க வேண்டும். இறந்தவர் உடன்படிக்கை செய்துகொண்ட பிற சமுதாயத்தவராயினும் தியத்தும் பரிகாரமும் உண்டு என்று அவ்வசனமே தெளிவுறுத்துகின்றது. தீய எண்ணம் இல்லாமை ஒருவனைக் கிஸாஸ் என்னும் பழிக்குப் பழியிலிருந்து காக்கும், பொறுப்பிலிருந்து காக்காது.

நம் ஃபுகஹாக்கள் இன்னும் நுட்பமாக ஆராய்ந்துள்ளனர். பொதுவழியில் செல்வது எவருக்கும் ஆகும். ஆனால், தவிர்க்கக்கூடிய தீங்கு பிறருக்கு நேராதிருக்க வேண்டும் என்ற நிபந்தனையுடனேயே ஆகும் என்பது ஹனஃபி சட்டநூல்களின் அடிப்படை. மர்கீனானீ (ரஹ்) அவர்களின் ஹிதாயாவில் வரும் பகுப்பை மதரஸா மாணவர் நன்கறிவர். ஓடும் பிராணி எதையேனும் மிதித்தால் அதன்மீது அமர்ந்திருப்பவன் ஈடு செய்ய வேண்டும். ஓடுகையில் பின்னங்காலால் உதைத்தாலோ வாலால் அடித்தாலோ அவன்மீது பொறுப்பில்லை. அதைத் தடுப்பது அவன் சக்தியில் இல்லை. ஆனால், அதே பிராணியை நடுவழியில் நிறுத்தி வைத்திருந்தானாயின், உதைக்கும் அவனே பொறுப்பு. ஏனெனில் நிறுத்தாதிருப்பது அவன் கையில் இருந்தது! ஒட்டகமும் குதிரையும் போன காலத்தில் இப்பாடம் எதற்கு என்று வினவும் மாணவரிடம், கடைத்தெரு வளைவில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும் லாரியைக் காட்டினால் போதும்.

1993ஆம் ஆண்டு புருனையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமியும் இதே வழியில் நின்றது. ஷரீஅத்துக்கு முரண்படாத போக்குவரத்து விதிகளைப் பேணுவது மார்க்கக் கடமை என்றும், ஓட்டுநர் பிறருக்கு விளைக்கும் சேதத்துக்குப் பொதுவாக அவரே பொறுப்பு என்றும் அது தீர்மானித்தது. ஆகவே சிவப்பு விளக்கை மீறுவது போலீஸ்காரருக்கும் நமக்கும் இடைப்பட்ட விவகாரம் மட்டுமன்று.

நம் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், விபத்து நேர்ந்தால் காயமுற்றவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதை ஓட்டுநரின் கடமையாக்கியது. அச்சட்டத்தில் 2019ஆம் ஆண்டு செய்யப்பெற்ற திருத்தம் பெற்றோரையும் கூண்டில் ஏற்றியது. உரிய வயது எய்தாத பிள்ளை வண்டியோட்டிக் குற்றம் புரிந்தால், பாதுகாவலருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் அது விதித்தது. வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அப்பிள்ளைக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடையாது. தந்தைக்கு ஏன் தண்டனை என்று வியப்போர் உளர். ஒவ்வொருவரும் மேய்ப்பாளரே, தம் பொறுப்பிலுள்ளோர் குறித்து வினவப்படுவர் என்ற பெருமானார் (ஸல்) அவர்களின் போதனையை ஓதி வளர்ந்த நமக்கு அந்த வியப்பு ஏற்படலாகாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜமாஅத் விசாரணையில் நாமும் அமர்ந்திருந்தோம். பதினாறு வயதுப் பையன் ஓட்டிய மோட்டார் சைக்கிள் மோதி, கீரை விற்கும் மூதாட்டி ஒருவருக்குக் கால் முறிந்திருந்தது. "அபராதம் கட்டியாயிற்று, இனி என்ன இருக்கிறது?" என்றார் தந்தை. சுவரோரம் உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்த அம்மூதாட்டி சொன்னார்: "அபராதத்தை சர்க்காருக்குக் கட்டினீங்க பாய், ஒடஞ்சது எங்காலுல்ல?" சபை வாயடைத்துப் போயிற்று. கிதாபுகளில் நாம் பல பக்கம் படித்ததை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். வைத்தியச் செலவோடு, கூடை சுமக்க இயலாத மாதங்களின் வருமானத்தையும் தருவதாகத் தந்தை ஒப்புக்கொண்டார். அதுவும் கருணையன்று, கடன்.

இவ்விடத்தில் ஜமாஅத்தாருக்கும் ஒரு சொல். சமரசம் நல்லதே. ஆனால், அடிபட்டவர் நீதிமன்றம் சென்று இழப்பீடு கோரும் வழியை அடைப்பதற்காகப் பேசப்படும் சமரசம், அநீதிக்குப் போர்த்திய சால்வையாகும். சில நூறு ரூபாயைக் கையில் திணித்து, "மன்னித்துவிட்டேன் என்று சொல்லும்மா" என்று வாங்கும் சொல், மனமுவந்து விட்டுக்கொடுத்ததாகுமா?

தண்டம் சட்டத்தின் கணக்கைத் தீர்க்கும். தவ்பா இறைவனிடம் செல்லும். அடியானின் உரிமையோ அந்த அடியானிடமே தீர்க்கப்பட வேண்டும். இன்றேல் மறுமையில் நம் நன்மைகளிலிருந்து அது ஈடு செய்யப்படும். பரீட்சையில் தேறிய மகன் வண்டி கேட்கும்பொழுது, தாய்மார்களே, தந்தைமார்களே, உரிமம் வரும்வரை சாவியை உங்கள் பெட்டியிலேயே வையுங்கள். பிள்ளை இரண்டு நாள் முகம் வாடுவான். அந்த வாட்டம் அவனையும், நாம் பெயரறியாத ஒரு வீட்டாரையும் காக்கக்கூடும். பிறர் உரிமையைச் சுமந்தவர்களாக நாம் மீளாதிருக்க வல்ல இறைவன் அருள்வானாக! ஆமீன்.