நீல வண்டியும் பாதி அறுத்த வயலும்

அறுவடை ஓவியம்னா பட்டணத்து நண்பர்கள் முதல்ல சொல்றது, "என்ன ஒரு மஞ்சள்!" வயல்ல வேலை செய்யறவன் கண்ணு வேற இடத்துக்குப் போகும். எவ்வளவு அறுத்தாச்சு, இன்னும் எவ்வளவு பாக்கி, எத்தனை ஆள் நிக்கிறாங்க? இதைத்தான் அது தேடும்.

வின்சென்ட் வான்கோ 1888 ஜூன் மாசம் வரைஞ்ச ஒரு படம், அப்படிப் பார்க்கறவனுக்கு நிறைய தீனி போடும். 'நீல வண்டி'ன்னு பேரு. அமெரிக்காவுல ஹார்வர்ட் பல்கலைக்கழக அருங்காட்சியகத்துல இருக்கு. காகிதத்துல நாணல் பேனாவால கோடு இழுத்து, மேல நீர்வண்ணம் பூசினது. அதே காட்சியைப் பிறகு எண்ணெய் வண்ணத்துல தீட்டினார். 'அறுவடை'ங்கற அந்தப் பெரிய படம் ஆம்ஸ்டர்டாம்ல இருக்கு.

இடம் தெற்கு பிரான்ஸ்ல ஆர்ல் ஊருக்குப் பக்கத்துல இருக்கற லா க்ரோ சமவெளி. தூரத்துல மலைத்தொடர், மோன்மஜூர்ங்கற பழைய மடத்தோட இடிபாடு. நடுவுல ஒரு நீல வண்டி. சுத்தி பாதி அறுத்த கோதுமை வயல், வைக்கோல் போர், ஏணி, இன்னும் சில வண்டிகள்.

ஆளுங்க? உத்துப் பார்த்தாத்தான் தெரிவாங்க, எறும்பு மாதிரி.

இதே மனுஷன் மூணு வருஷம் முன்னாடி, ஹாலந்துல இருந்தப்போ, குனிஞ்சு கதிர் பொறுக்கற பொம்பளைங்களைக் காகிதம் கொள்ளாத அளவுக்குப் பெருசா வரைஞ்சவர். ஆர்ல் வந்ததும் ஏன் இப்படிச் சுருக்கிட்டார்? உழைக்கறவனை மறந்துட்டாரோன்னு தோணலாம். எனக்கு அப்படித் தோணலை. அறுப்பு நேரத்துல வரப்பு மேல நின்னு பாருங்க. வயல் கடல் மாதிரி விரிஞ்சு கிடக்கும், அதுல நாலு பேர் புள்ளியாத் தெரிவாங்க. 'இத்தனையும் இவங்க கையாலயா?'ன்னு மலைப்பா இருக்கும். அந்த மலைப்புதான் இந்தப் படம். ஆள் சின்னதுதான். ஆனா அறுத்த பாதி, ஏத்தற வண்டி, போர், ஏணின்னு எங்க திரும்பினாலும் அவன் செஞ்ச வேலை நிக்குது.

அறுக்காத பாதியும் சும்மா இல்லை. முத்தின கதிர் காத்திருக்காது. மழை பிடிச்சா பயிர் சாய்ஞ்சுடும்; ஈரத்துல கிடந்தா கதிர்லயே முளை விட்டுடும். நெல்லுக்கும் அதேதான், கோதுமைக்கும் அதேதான். வான்கோவும் அந்த அவசரத்துலதான் வரைஞ்சார். ஒரு வாரம் போல, நட்ட நடு வெயில்ல, நிழலே இல்லாம வயல்ல நின்னு வேலை செஞ்சிருக்கார். வெயில்ல தான் ஒரு சில்வண்டு மாதிரி சந்தோஷமா இருக்கறதா நண்பர் எமில் பெர்னாருக்குக் கடிதம் எழுதினார். அப்புறம் கொட்டின மழை அந்த வேலைக்கு முற்றுப்புள்ளி வெச்சுது.

சந்தோஷம்னு அவர் சொன்னதை நம்பலாம். ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. அவருக்குப் படம் மிஞ்சும். அறுக்கற ஆளுக்கு அடுத்த வயல் இருக்கும், சாயங்காலம் இடுப்பு வலி இருக்கும்.

ஒரு விஷயத்துல மட்டும் ரெண்டு பேரும் ஒண்ணு. வான்கோ உயிரோட இருந்தப்போ அவர் படங்கள் விலை போனது அபூர்வம். தம்பி தியோ அனுப்பின பணத்துலதான் சாப்பாடு, வர்ணம், வாடகை எல்லாம். 1890-ல், 37 வயசுல இறந்துட்டார். அவர் ஓவியங்கள் கோடிக்கணக்குல ஏலம் போனதெல்லாம் ரொம்பப் பின்னாடி. விளைவிச்சவன் கையை விட்டுப் போனப்புறம்தான் சரக்குக்கு விலை ஏறும்ங்கறது எங்களுக்குப் புதுசு இல்லை.

இந்தப் படம் இணையத்துல கிடைக்கும். பெருசாக்கிப் பாருங்க. மஞ்சளை அப்புறம் ரசிக்கலாம். முதல்ல அறுக்காம நிக்கற பாதியைப் பாருங்க, பிறகு ஆளுங்களை எண்ணுங்க.