எண்ணெய் குடித்த எங்கள் கார்

வீட்டில் ஒரு பழைய வாகனத்தை வைத்துக்கொண்டு, அதற்கு அவ்வப்போது எண்ணெய் ஊற்றிவிட்டாலே அதனைப் பேணிவிட்டதாக எண்ணியிருக்கும் குடும்பங்கள் பல. நாங்களும் அவ்வாறே எண்ணியிருந்தோம். அந்த எண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை 2025-ஆம் ஆண்டில் ஓர் இரவு எங்களுக்கு உணர்த்தியது.

எங்கள் ஊர் கூனிமேடு. புதுச்சேரிக்கும் மரக்காணத்துக்கும் இடையே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியுள்ளது. கிழக்கே கடல், வடக்கே மரக்காணத்து உப்பளங்கள், நிலப்புறத்தில் 2021-ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பெற்ற கழுவெளி ஏரி. இங்கு வீசும் காற்றிலேயே உப்பு இருக்கிறது. ஜன்னல் கம்பியும் மிதிவண்டிச் சங்கிலியும் ஓரிரு ஆண்டுகளில் துருவேறிவிடும். காருக்கு மட்டும் அந்தக் காற்று இரங்குமா?

எங்கள் கார் 1986-இல் தந்தையார் வாங்கிய அம்பாசிடர் மார்க் 4. 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் 1950-களின் பிற்பகுதியில் உருவாகத் தொடங்கிய அம்பாசிடரின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டு நின்றுபோயிற்று. ஆயினும் எங்கள் வண்டி நிற்கவில்லை. பதினைந்து ஆண்டுகள் கடந்தபின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்து, தந்தையார் மறைந்த பிறகும் அவர் நினைவாகவே ஓட்டி வந்தோம். தாயாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும் அதிலேதான்.

முதலில் ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் எஞ்சின் ஆயில் குறைந்தது. புதிய வண்டிக்கே அந்த அளவு வரை குறையலாம் என்று சில நிறுவனங்கள் கூறுவதுண்டு. ஆகவே நாங்கள் கவலையுறவில்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, மழைநீர் சூழ்ந்த கொட்டகையில் வண்டி நாள்கணக்கில் நின்றது. அதன்பின் நானூறு கிலோமீட்டருக்கே ஒரு லிட்டர் என்றாயிற்று. பின்னால் நீலப் புகை; வண்டி நிற்கும் இடத்தில் கரிய கறை. ஆயினும் ஒரு டப்பா ஆயிலைப் பின்பெட்டியில் வைத்துக்கொண்டு, நினைவு வந்தபோதெல்லாம் அளவு பாராமல் ஊற்றினோம். சில வேளைகளில் டிப்ஸ்டிக்கின் மேற்குறிக்கு மேலும் ஊற்றினோம். சில வேளைகளில் மறந்தே போனோம்.

அவ்வாறு மறந்திருந்த ஒரு நாள் இரவு பத்து மணியளவில் தாயாருக்கு மூச்சுத் திணறல் கண்டது. பின்னிருக்கையில் படுக்க வைத்துப் புதுச்சேரி நோக்கி விரைந்தோம். காலாப்பட்டை நெருங்கும்போது, ஆயிலின் அழுத்தம் குறைந்ததைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. எஞ்சினுக்குள்ளிருந்து தட்டும் ஓசையும் கேட்டது. அந்த விளக்கு, ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லும் அளவுகோல் அன்று. உராயும் பாகங்களுக்கு ஆயில் சரிவரப் போய்ச் சேராதபோதுதான் அது எரியும். தொடர்ந்து ஓட்டினால் எஞ்சின் நடுவழியில் இறுகிப் போகும். நிறுத்தினால் தாயாரின் நிலை என்ன? பின்பெட்டியைத் திறந்து பார்த்தோம். டப்பா காலியாக இருந்தது.

வண்டியை ஓரமாக நிறுத்திக் கையைக் காட்டினோம். நான்கைந்து வாகனங்கள் நிற்காமலே சென்றன. ஐந்தாவதோ ஆறாவதோ வந்த ஆட்டோக்காரர் நின்றார். தாயாரைத் தாங்கி ஏற்றினார். உரிய நேரத்தில் மருத்துவமனை சேர்ந்தோம், தாயார் பிழைத்தார். ஆனால் சாலையோரத்தில் நின்ற அந்தச் சில நிமிடங்களை எங்கள் குடும்பம் என்றும் மறவாது.

மறுவாரம் கயிறு கட்டி இழுத்துச் சென்று ஒரு பட்டறையில் காட்டினோம். அங்கிருந்தவர் புகையைப் பார்த்த மாத்திரத்தில், "எஞ்சினை இறக்கி ரீபோர் பண்ணணும், இல்லேன்னா எடைக்குப் போட்டுடுங்க" என்றார். அவர் கூறிய தொகை, மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கென நாங்கள் ஒதுக்கியிருந்ததைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். தந்தையாரின் வண்டியா, மகளின் படிப்பா என்று இரண்டு நாள் உறக்கமின்றித் தவித்தோம்.

மூன்றாம் நாள், தந்தையார் காலத்திலிருந்தே அறிமுகமான முதிய மெக்கானிக் ஒருவரைத் தேடிச் சென்றோம். அவரை நாங்கள் 'பாய்' என்றே அழைப்போம். முழுக்கதையையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "சார், ஆயில் போறதுக்கு ரெண்டே வழிதான். வெளியே ஒழுகணும், இல்லேன்னா உள்ளே எரியணும். எது எவ்வளவுன்னு பார்க்காம எஞ்சின்ல கை வைக்கக் கூடாது."

முதற்சோதனைக்குச் செலவே இல்லை. ஆயிலைச் சரியான அளவுக்கு நிரப்பி, இரவில் வண்டியின் அடியில் பழைய செய்தித்தாள்களை விரிக்கச் சொன்னார். காலையில் இரண்டு இடங்களில் கறை படிந்திருந்தது.

இரண்டாவது, புகையைக் கவனிப்பது. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கரும்புகை என்றால் பெட்ரோல் மிகுதி. வெண்புகை விடாமல் வந்தால் தண்ணீர் உள்ளே புகுகிறது எனலாம். நீலப் புகை எப்பொழுது வருகிறது என்பதே முக்கியம் என்றார் பாய். இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் இயக்கியதும் குப்பென்று வந்து பின் குறைந்தாலும், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துச் சற்று ஓடவிட்டு மீண்டும் அழுத்தும்போது வந்தாலும், வால்வு கைடும் சீலும் தேய்ந்திருக்கும். பாரத்தோடு இழுக்கும்போதெல்லாம் விடாமல் வந்தால் பிஸ்டன் ரிங்குகள் மீது ஐயம் கொள்ள வேண்டும். எங்கள் வண்டி காலையில்தான் மிகுதியாகப் புகைந்தது.

மூன்றாவது, கம்ப்ரெஷன் சோதனை. பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தமானியைப் பொருத்தி அளந்தார். பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி ஆயில் விட்டு மீண்டும் அளந்தார். ஆயில் விட்டதும் அழுத்தம் நன்கு உயர்ந்தால், ரிங்கின் இடைவெளியை அந்த ஆயில் அடைக்கிறது, அதாவது ரிங் தேய்ந்துள்ளது என்று பொருள். எங்கள் நான்கு சிலிண்டர்களும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டின. ஆயில் விட்ட பின்பும் பெரிதாக உயரவில்லை. ஆயிலின்றி ஓடிய பாதிப்பு ஏதும் உண்டா என்று கீழ்ப்புறத்துப் பேரிங்குகளையும் திறந்து பார்த்து, இரண்டை மட்டும் மாற்றினார். "தப்பிச்சீங்க. இன்னும் ரெண்டு கிலோமீட்டர் ஓட்டியிருந்தா இந்தப் பேச்சே இல்லை" என்றார்.

ஆக, ரீபோர் தேவைப்படவில்லை. ஆயில் தங்கும் சம்ப் தகட்டில் உப்புக் காற்றும் புயல் வெள்ளமும் சேர்ந்து துருவேற்றி ஊசித்துளை இட்டிருந்தன. பக்கவாட்டு டேப்பட் கவரின் கார்க் பேக்கிங் காய்ந்து வெடித்திருந்தது. எஞ்சினின் உள்ளழுத்தத்தை வெளியேற்றும் சுவாசக் குழாய் கசடால் அடைபட்டிருந்தமையால், அந்த அழுத்தம் ஆயிலைப் பேக்கிங் வழியே வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அளவுக்கு மேல் நாங்கள் ஊற்றியதும் இதற்குத் துணைபோயிற்று. எஞ்சியது வால்வு கைடு வழியே எரிந்தது. ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறையில் புதிய கைடுகளைப் போட்டு, வால்வுகளைத் தேய்த்துப் பொருத்தினார். சீல், பேக்கிங், சம்ப் ஆகியவற்றை மாற்றினார். முதற்பட்டறை கேட்டதில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. மகளின் கட்டணம் உரிய நாளில் கட்டப்பட்டது.

ரிங்கும் சிலிண்டரும் மெய்யாகவே தேய்ந்திருந்தால் ரீபோரைத் தவிர வேறு வழியில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்நிலையில் கெட்டியான ஆயிலை ஊற்றிச் சில மாதம் ஓட்டலாம். அது நோயை மறைக்குமேயன்றித் தீர்க்காது. எரியும் ஆயிலின் புகையை நம் அண்டை வீட்டார் சுவாசிக்கிறார்கள். ஒழுகும் ஆயில் நம் கிணற்றங்கரை மண்ணில் இறங்குகிறது. கொட்டகையில் கறைபடிந்த மண்ணை வெட்டி அள்ளியபோதுதான், நாங்கள் இழந்தது ஆயில் மட்டுமன்று என்று உணர்ந்தோம். மாற்றிய பழைய ஆயிலை இப்போது எங்கும் கொட்டுவதில்லை. பாயின் பட்டறைப் பீப்பாயில் சேர்த்துவிடுகிறோம்.

இன்று காரில் ஒரு சிறு குறிப்பேடு இருக்கிறது. வாரம் ஒருமுறை, சமதரையில், எஞ்சினை நிறுத்திச் சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பார்த்து, தேதியும் ஓடிய கிலோமீட்டரும் ஊற்றிய ஆயிலும் எழுதுகிறோம். இப்போது ஆயிரம் கிலோமீட்டருக்குக் கால் லிட்டர்தான் குறைகிறது.

வண்டி சீராகி வீடு திரும்பிய அன்று, தாயார் திண்ணையில் அமர்ந்தபடியே கேட்டார்: "இத்தனை மாசமா ஊத்திக்கிட்டே இருந்தீங்களே, அது எங்கே போகுதுன்னு ஒரு நாளாவது குனிஞ்சு பார்த்தீங்களா?"

நாங்கள் விடை கூறவில்லை. இந்த இதழைப் படிக்கும் அன்பர்களின் கொட்டகையிலும் ஒரு பழைய வண்டி இருக்குமாயின், இன்றிரவே அதன் அடியில் நான்கு செய்தித்தாள்களை விரித்து வையுங்கள்.