கண்ணாடியின் நட்டக் கணக்கு

நூறு ரூபாயை ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறோம். இருபது மீட்டர் போவதற்குள் ஒரு ரூபாய்தான் மிஞ்சுகிறது என்றால் மறுபடி அவரிடம் கொடுப்போமா? 1960களில் கண்ணாடிக்குள் ஒளியை அனுப்புவது ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது.

கண்ணாடி இழையின் நடுப்பகுதிக்கு ஒளிவிலகல் எண் கொஞ்சம் அதிகம், மேலுறைக்குக் கொஞ்சம் குறைவு. அதனால் ஓரத்தில் உரசுவதுபோல் மோதும் ஒளி வெளியேற முடியாமல் உள்ளேயே ஓடும். பள்ளியில் படித்த அதே முழு அக எதிரொளிப்புதான். ஒளி தப்பித்துப் போவது பெரிய பிரச்சினை இல்லை. வழியிலேயே கண்ணாடி அதை விழுங்குவதுதான் பிரச்சினை.

இங்கிலாந்தின் ஹார்லோ நகரில் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்த்த சார்லஸ் காவ், ஜார்ஜ் ஹாக்கம் இருவரும் 1966ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். குற்றம் கண்ணாடி மேல் இல்லை, அதில் கலந்திருக்கும் இரும்பு போன்ற அசுத்தங்கள் மேல்தான் என்றார்கள். இழப்பு கிலோமீட்டருக்கு 20 டெசிபெல்லாகக் குறைந்தால் போதும். அதாவது ஒரு கிலோமீட்டர் தாண்டி நூற்றில் ஒரு பங்கு மிஞ்ச வேண்டும். 1970ல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் 17 டெசிபெல்லுக்கு வந்தது. இன்றைய இழையில் 1550 நானோமீட்டர் ஒளிக்கு சுமார் 0.2 டெசிபெல்தான். ஒரு கிலோமீட்டர் போன பிறகும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து மிச்சம்!

மறுமுனையில் கதை அப்படியே தலைகீழ். அங்கே ஒளியை விழுங்கினால்தான் வேலை நடக்கும். விழுங்கப்படும் ஒளித்துகள் ஓர் எலக்ட்ரானை விடுவிக்க, அது மின்னோட்டமாகிறது. இந்த அலைநீளத்துக்கு சிலிக்கான் உதவாது, ஒளி ஊடுருவிப் போய்விடும். எனவே இண்டியம் காலியம் ஆர்செனைடு என்ற பொருளின் மெல்லிய படலம். ஒரு மைக்ரோமீட்டர் தடிமன் ஏறக்குறைய பாதி ஒளியைப் பிடிக்கும்.

தடிமனைக் கூட்டினால் என்ன? எலக்ட்ரான் வெளியே வர நேரமாகும். அதற்குள் அடுத்த சைகை வந்து நிற்கும். மெல்லியதாக்கினால் வேகம் உண்டு, ஒளி வீணாகும். இரண்டில் எதை விடுவது?

இரண்டையும் விட வேண்டாம். ஒளியைப் படலத்தின் மேலிருந்து விழச் செய்யாமல், ஓரத்தின் வழியே நுழைத்து நீளவாக்கில் ஓட விட்டால் போதும். படலமே ஓர் அலைவழிகாட்டியாகிவிடும். ஒளிக்கு நீண்ட பாதை, எலக்ட்ரானுக்குக் குறுக்கே குறுகிய பாதை. இருவரும் ஒரே திசையில்தான் போக வேண்டும் என்று யார் சொன்னது?

2009ல் காவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அப்போது அவரை அல்சைமர் நோய் பிடித்திருந்தது. அவருடைய நோபல் உரையை மனைவி க்வென்தான் நிகழ்த்தினார். கோடிக்கணக்கானோரின் குரல் தொலையாமல் போய்ச்சேர வழி சொன்னவர், தன் கதையைச் சொல்ல இன்னொரு குரலை நம்ப வேண்டியிருந்தது. நல்லவேளை, அந்தக் குரல் பக்கத்திலேயே இருந்தது.