மயிலிறகும் ரப்பர் நிரையும்

தைப்பூசம் முடிந்த மறுவாரம். குனோங் சீரோ ஆலயத்தில் காவடியிலிருந்து உதிர்ந்த மயிலிறகு ஒன்றை, சிலிபினில் நான் எடுக்கும் வகுப்புக்கு ஒரு மாணவன் கொண்டுவந்தான். "இந்தப் பச்சை என்ன சாயம், ஐயா?" என்றான். இயற்கைச் சாயம் என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். அவனோ சன்னலருகே சென்று இறகை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தான். பச்சை மறைந்து பழுப்பு மட்டுமே தெரிந்தது. "சாயம் எங்க போச்சு, ஐயா?"

என்னிடம் விடையில்லை.

அன்றிரவு தேடிப் படித்தேன். இறகில் பச்சைச் சாயமே கிடையாது. மெலனின் என்னும் கருநிறப் பொருளாலான நுண்ணிய தண்டுகள் அதனுள் வரிசை பிசகாமல் அடுக்கப்பட்டுள்ளன. 2003இல் ஷங்காய் ஃபூடான் பல்கலைக்கழகத்தினர் அளந்தபோது, தண்டுகளின் இடைவெளி சுமார் 140 நானோமீட்டராக இருந்த இடம் நீலமாகவும், 150 ஆக இருந்த இடம் பச்சையாகவும் தெரிந்தன. (ஒரு மில்லிமீட்டர் என்பது பத்து இலட்சம் நானோமீட்டர்.) இடைவெளிக்கு ஏற்ற நிறம் உள்ளே செல்ல இயலாமல் நம் கண்ணுக்கே திரும்புகிறது. இத்தகைய ஒழுங்கான அடுக்கை அணிக்கோவை என்பர்.

மறுநாள், நான் சொன்னது பிழை என்று வகுப்பில் முதலில் ஒப்புக்கொண்டேன். பிறகு அடுக்கின் ஒழுங்கை விளக்கத் தோட்டத்து நிரையைச் சொன்னேன். பலர் நிரையைக் கண்டதே இல்லை. அவன் மட்டும் பால் வெட்டிய தாத்தாவிடம் கேட்டிருக்கிறான். "நிரையைக் கலைச்சு நட்டா ஒளி என்ன ஆகும், ஐயா?"

அறியாமல் கேட்டாலும் பெரிய கேள்வி அது. ஒழுங்கு குலைந்த படிகத்தில் எலெக்ட்ரான் அலை பரவாமல் ஓரிடத்திலேயே தங்கிவிடக்கூடும் என்று 1958இல் பிலிப் ஆண்டர்சன் காட்டினார். 1977இல் நோபெல் பரிசு பெற்றவர்களுள் ஒருவர் அவர். அணிக்கோவையை ஓரளவு கலைத்தால் ஒளியையும் அவ்வாறே நிறுத்தலாம் என்று 1987இல் எழுதினார் இந்திய வம்சாவளி இயற்பியலாளர் சஜீவ் ஜான். மரங்கள் பார்வையை மறைப்பது போன்றதன்று இது. என் உவமை இங்கே உதவாது. சிதறிய ஒளியலைகள் பல வழிகளில் வந்து கலந்து, தொலைவில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. புறப்பட்ட இடத்தருகே மட்டும் எஞ்சுகின்றன. 2007இல் இஸ்ரேலின் டெக்னியான் ஆய்வாளர்கள் ஒரு படிகத்தினுள் லேசர் ஒளியாலேயே அணிக்கோவை அமைத்து, ஒளிக்கற்றையொன்றை அதனூடே செலுத்தினர். ஒழுங்கு இருந்தபோது கற்றை பக்கவாட்டில் விரிந்தது. கலைப்பைக் கூட்டக் கூட்ட விரியாமல் ஒடுங்கி நின்றது. எவ்வளவு கலைப்பது என்பது அவர்கள் கையில் இருந்தது.

ஒரு வாளித் தண்ணீரில் இரு விரல்களால் அலை எழுப்பி, அலையை அலை அழிக்கும் இடங்களைக் காட்ட முயன்றேன். பாதிப் பேர் சட்டையை நனைத்துக்கொண்டதுதான் மிச்சம். அவனோ நோட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில் நிரை வரைந்து, ஒவ்வொரு மரமாக அழித்துச் சற்றுத் தள்ளித் தள்ளி வரைந்துகொண்டிருந்தான். "எத்தனை மரத்தை நகர்த்தணும், ஐயா?" என்றான்.

மணி அடித்துவிட்டது.