காராபுராவின் யானைப் பையன்

மைசூரிலிருந்து எச்.டி. கோட்டை வழியாகப் போனால் காராபுரா. கபினி நீர்த்தேக்கத்தின் கரை. கோடையில் தண்ணீர் வற்ற வற்ற யானைகள் கூட்டம் கூட்டமாக இறங்குகின்றன. ஹாலிவுட் நட்சத்திரம் ஒருவர் பிறந்த ஊர் இது என்றதும் ஜீப் ஓட்டுநர் சிரித்தார். சாபு என்ற பெயரை அவர் கேள்விப்பட்டதே இல்லை.

1924இல் பிறந்த சாபு, மைசூர் மகாராஜாவிடம் வேலை பார்த்த யானைப்பாகனின் மகன். அப்பா இறந்த பின் அரண்மனை யானைக் கொட்டடியே அவருக்குக் கதி. படமெடுக்க வந்த ராபர்ட் ஃப்ளாஹர்ட்டியின் குழு அங்கேதான் பையனைக் கண்டெடுத்தது. ‘எலிஃபென்ட் பாய்’ (1937) அவரை லண்டனுக்கும் பிறகு ஹாலிவுட்டுக்கும் கொண்டு சேர்த்தது. ‘ஜங்கிள் புக்’கில் (1942) மௌக்லி அவர்தான். நிஜக் காட்டுப் பக்கம் வளர்ந்தவருக்கு கலிபோர்னியாவில் ஜோடித்த இந்தியக் காடு!

1944இல் அமெரிக்கக் குடிமகனானார். உலகப் போரில் குண்டுவீச்சு விமானத்தில் துப்பாக்கி வீரர்; பதக்கமும் வாங்கினார். ஆனால் மீசை முளைத்த சாபுவை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று ஹாலிவுட்டுக்குத் தெரியவில்லை. முப்பதை நெருங்கியும் அதே காடு, அதே புலி.

‘மதர் இந்தியா’வின் (1957) பிர்ஜு வேடத்துக்கு மெஹ்பூப் கான் அவரைத்தான் நினைத்தார். இங்கே வேலை செய்ய அனுமதி கிடைக்கவில்லை. வேடம் சுனில் தத்துக்குப் போயிற்று.

1963 டிசம்பரில் மாரடைப்பு. வயது 39. கல்லறை லாஸ் ஏஞ்சலிஸில். காராபுராவில் மகாராஜாவின் பழைய வேட்டை மாளிகை இப்போது சுற்றுலா விடுதி.