தோக்கியோ நேரத்தில் ஒரு சனி திசை

அப்பா பிறந்தது தோக்கியோ நேரம் காலை 8.40க்கு. குளுவாங்குக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், 1943இல். ஆள் பிறந்தது ஜொகூரில், கடிகாரம் மட்டும் ஜப்பானில்.

1942 ஜனவரிக் கடைசியில் குளுவாங் ஜப்பான்காரன் கைக்குப் போனது. அடுத்த மாதமே ஊர் விமானத் திடலிலிருந்து பாராசூட் படை சுமத்ராவின் பாலெம்பாங்குக்குக் கிளம்பிவிட்டது. சிங்கப்பூர் சரணடைந்ததும் மலாயாக் கடிகாரங்களையெல்லாம் ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளி வைக்க வேண்டும் என்று உத்தரவு. ஏழரை மணி ஒரே நாளில் ஒன்பது ஆனது. கிராணி வீட்டுச் சுவர்க் கடிகாரமும் தள்ளப்பட்டது. அதைப் பார்த்துத்தான் தாத்தா மகன் பிறந்த நேரத்தைக் குறித்தார். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய நோட்டுத்தாள், பென்சில் எழுத்து. "8.40 காலை" என்பதற்குப் பக்கத்தில் எந்த நாட்டு நேரம் என்ற குறிப்பு இல்லை. அந்தக் காலத்தில் யாருக்குத் தோன்றியிருக்கும்?

அப்பாவுக்கு அனுஷம், விருச்சிக ராசி. பூசம், அனுஷம், உத்திரட்டாதி இந்த மூன்றும் சனியின் நட்சத்திரங்கள். அவற்றில் பிறப்பவர் சனி திசையோடு பிறக்கிறார். சனி திசை மொத்தம் 19 ஆண்டு. நட்சத்திரத்தில் சந்திரன் எவ்வளவு தூரம் கடந்துவிட்டதோ அவ்வளவு கழித்துவிட்டு, மீதியைத்தான் பிள்ளை அனுபவிக்கும். கர்ப்பச்செல் போக நின்ற இருப்பு என்று ஜாதகத்தில் எழுதுவார்களே, அது.

சனியைப் பற்றி மற்றதெல்லாம் ஊருக்கே தெரியும். சூரியனுக்கும் சாயாதேவிக்கும் பிள்ளை, எமனுக்கு அண்ணன் தம்பி முறை, கால் ஊனம், காக வாகனம். துலாத்தில் உச்சம், மேஷத்தில் நீசம். சூரியனைச் சுற்றி வர 29½ ஆண்டு பிடிக்கிறது. பன்னிரண்டு ராசிக்கும் பங்கு வைத்தால் வீட்டுக்கு இரண்டரை ஆண்டு. சந்திரன் நின்ற ராசிக்கு முன் வீடு, அந்த வீடு, அடுத்த வீடு என்று மூன்றைக் கூட்டினால் ஏழரை. கணக்கு இவ்வளவுதான், பயம்தான் பெரிது. முதல் சுற்று மங்கு சனி, இரண்டாவது பொங்கு சனி, மூன்றாவதுக்கு வைத்த பெயரைச் சொல்லவே அப்பாயி தயங்கும்.

அப்பாயிக்கு ஜாதகம் படிக்கத் தெரியாது. ஆனால் சனி எந்த வழியாக வீட்டுக்குள் வருகிறது என்று தெரியும். குதிங்கால் வழியாக. தோட்டத்துப் பைப்படியில் காலைக் கழுவிவிட்டு ஓடி வந்தால், வாசற்படியில் நிறுத்தி, குனிந்து, காலைத் திருப்பிப் பார்க்கும். குதிங்காலில் ரப்பர் பால் காய்ந்த பிசுக்கோ செம்மண்ணோ ஒட்டியிருந்தால் திரும்ப அனுப்பும். "நளமகராசனுக்கு ஒரு கடுகளவு நனையல. பொண்டாட்டியக் காட்டுல விட்டுட்டு ஓடுனான்." பிற்பாடு நளவெண்பாவைப் புரட்டியபோது அங்கே நளனைப் பிடிப்பது சனி அல்ல, கலி. புகழேந்தி காண்டங்களுக்கே கலிதொடர் காண்டம், கலிநீங்கு காண்டம் என்றுதான் பெயர் வைத்திருக்கிறார். கலி எப்போது சனியாக மாறியதோ, திருநள்ளாற்றுத் தலபுராணமும் நளதீர்த்தமும் அதை ஊர்ஜிதம் செய்துவிட்டன. அப்பாயியிடம் சொன்னேன். "பேரு எதுவா இருந்தா என்ன, கால நல்லாக் கழுவு."

ஜோதிடத்தில் சனிக்கு ஒதுக்கிய இலாகாக்களைப் பார்த்தால், யாரோ நம் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு எழுதியதுபோல் இருக்கும். கூலி உழைப்பு, அடிமைத் தொழில், இரும்பு, எண்ணெய், இருட்டு, தாமதம், முதுமை, ஆயுள். விடியுமுன் பிரட்டு, இருட்டில் தலைவிளக்கோடு பால்வெட்டு, கையில் வெட்டுக் கத்தி. சனி எங்களைப் பிடிக்க வரவேண்டிய அவசியமே இல்லை, கூடவே குடியிருந்தது என்று நான் சொன்னால் அப்பாவுக்குக் கோபம் வரும். "தம்பி, அவரு நீதிமான். மொதலாளிக்கும் அவர்தான் சனி."

நிறத்தில்கூட ஒரு வேடிக்கை உண்டு. சனிக்குக் கருப்பு, கல்லில் நீலம். ராசி பார்க்காமல் நீலக்கல் போடாதே என்பார்கள். எங்கள் லயத்திலோ எல்லாரும் நீலத்துக்குத்தான் ஏங்கினார்கள். நீல அடையாள அட்டை என்றால் குடியுரிமை. சிவப்பு என்றால் இங்கேயே பிறந்து பால் வெட்டி நரைத்தாலும் அந்நியன். 1969க்குப் பிறகு சிவப்பு அட்டைக்காரர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்றானது. நாடு முழுக்க ஆயிரக்கணக்கில் மூட்டை கட்டினார்கள். எங்கள் பக்கத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக குளுவாங் ஸ்டேஷனில் ரயிலேறி, பினாங்கு போய், ரஜுலா கப்பலில் நாகப்பட்டினத்துக்கோ சென்னைக்கோ போனவர்கள் உண்டு. அந்த ஆண்டு மே மாதம் சனி மேஷத்தில் நீசமாக இருந்தது உண்மைதான். நீசம் உலகத்துக்கே பொதுவாக இருந்தது. அனுமதிச் சீட்டு மட்டும் எங்களுக்குத் தனியாக வந்தது.

கல்யாணப் பேச்சு எழுந்ததும் அதற்கு அடுத்த வருஷம்தான். முதலில் பார்த்த சோசியர் 8.40ஐ வெள்ளைக்காரன் நேரமாக வைத்துக் கணித்தார். புதன் திசை முடிந்து கேது தொடங்கிவிட்டது, ஏழு வருஷம் பொறு என்று சொல்லிவிட்டார். தாத்தா ஒடிந்துபோனார். இரண்டாமவர் ஸ்டேஷனில் 1938லிருந்து இருக்கிற காப்பிக்கடையில் பசியாறிவிட்டு வந்தவர், தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அப்பாயியைக் கூப்பிட்டு, பிள்ளை விழுந்தபோது வெயில் எங்கே இருந்தது என்று கேட்டார். சோசியத்தில் நான் கேள்விப்பட்ட கேள்விகளிலேயே உருப்படியானது அது ஒன்றுதான்.

அப்பாயி யோசிக்கவே இல்லை. "வெயிலு இன்னும் லயத்துப் படி ஏறல. மரத்துத் தலையில மட்டும் மஞ்சளா இருந்துச்சு."

பழைய நேரப்படி 8.40 என்றால் வெயில் படியேறி உள்ளே வந்து பாயைத் தொட்டிருக்கும். தோக்கியோ நேரம் என்றால்தான் பொருந்தும்: ஒன்றரை மணியைக் கழித்தால் 7.10. குளுவாங்கின் சூரியக் கணக்குக்கு அதிலும் 37 நிமிடம் குறைத்து, ஏறக்குறைய 6.33. சந்திரன் ஒன்றரை மணி நேரத்தில் முக்கால் பாகைக்குச் சற்று மேலே நகரும். ஒரு நட்சத்திரத்தின் அகலம் 13 பாகை 20 கலை. அந்தச் சிறு துண்டைச் சனியின் 19 ஆண்டோடு பெருக்கினால் ஏறக்குறைய 14 மாதம். சிறு வயதில் அப்பா 14 மாதம் கூடுதலாகச் சனியை அனுபவித்திருக்கிறார், அதனால் பின்னால் வந்த திசையெல்லாம் அவ்வளவுக்குத் தள்ளிப் போயிருக்கிறது, கேது இன்னும் தொடங்கவில்லை. அந்த இடைவெளிக்குள் கல்யாணம் முடிந்தது. "ஜப்பான்காரன் எல்லாத்தையும் எடுத்துட்டுப் போனான், 14 மாசத்த மட்டும் திருப்பிக் குடுத்தான்" என்று அப்பா இன்றைக்கும் சொல்வார். அம்மா அந்த இடத்தில் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள்.

கடிகாரம் கடைசியாக நகர்ந்தது 1981 டிசம்பர் 31 இரவு. பதினொன்றரையைப் பன்னிரண்டு ஆக்கினார்கள். மரத்துக்குக் கடிகாரம் தெரியாது. பால் வழிவது விடியற்காலைக் குளிர்ச்சியில்தான், ஆகவே மணி மட்டும் மாறியது. சங்கடப்பட்டது ராகுகாலம் பார்ப்பவர்கள். இங்கே சூரியன் உதிக்கவே ஏழு மணி ஆகும்போது, இந்தியக் காலண்டரில் சனிக்கிழமை 9 முதல் 10.30 என்று போட்டிருப்பதை எப்படி எடுத்துக்கொள்வது? ஒரு மணி நேரம் கூட்டிக்கொள் என்பார் ஒருவர், சாஸ்திரத்தில் கை வைக்காதே என்பார் இன்னொருவர். இரண்டு பேருக்கும் பயந்தவர்கள் 9லிருந்து 11.30 வரை வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

1982 கடைசியில் அப்பாவுக்கு இரண்டாம் சுற்று ஏழரை. பொங்கு சனி, கொட்டிக் கொடுக்கும் என்றார்கள். 1985இல் நாட்டுப் பொருளாதாரமே சுருங்கியது, ரப்பர் விலை விழுந்தது. எங்கள் பக்கத்து மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு இத்தனை ஆள் தேவையில்லை. பட்டணத்துக்கு வந்தோம். அப்பா ஒரு சைக்கிள் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். இரும்பும் எண்ணெயும்தான், ஆனால் நிழலில். பொங்கியதா என்று கேட்டால், "தாங்குச்சில்ல" என்பார். எனக்குப் புரிந்தவரை ஏழரைச் சனியின் வசதி அதுதான். தோட்டத்தில் எந்தக் கஷ்டத்துக்கும் யாரும் முடிவுத் தேதி சொன்னதில்லை. துரையும் சொன்னதில்லை, சங்கமும் சொன்னதில்லை. சனி ஒருத்தர்தான் ஏழரை வருஷம் என்று தவணை குறித்துக் கொடுத்தார். தவணை முடிந்த கையோடு, 1990இல், அப்பா திருநள்ளாறு போய் எண்ணெய் தேய்த்து முழுகிப் பழைய வேட்டியைக் குளக்கரையில் விட்டுவிட்டு வந்தார். மூன்றாம் சுற்றுக்குப் பயம் காட்டிய சோசியர் அது முடிவதற்குள் தாம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

சனிக்கிழமைதோறும் கோயில் மட்டும் தவறாது. நவக்கிரகத்தில் மேற்குப் பார்த்து நிற்கும் அந்தச் சின்னச் சிலைக்கு நேராக அப்பா நிற்கமாட்டார், ஒரு அடி ஒதுங்கிப் பக்கவாட்டில் நிற்பார். கருப்புத் துணியில் எள் முடிச்சு, நல்லெண்ணெய் அகல். எள் வெடித்துத் தெறித்துச் சிலையின் முழங்காலில் ஒட்டியிருக்கும், குருக்கள் விரலால் வழிப்பார். 2014லிருந்து 2024 வரை ஜொகூரில் ஞாயிறு வேலைநாளாக இருந்தது, வெள்ளி விடுமுறை. சனிக்கு மட்டும் யாரும் கை வைக்கவில்லை.

போன வருஷம் வீட்டில் புதுச் சண்டை. திருக்கணிதப்படி சனி 2025 மார்ச் 29 மீனத்துக்குப் போய்விட்டது. வாக்கியப்படி 2026 மார்ச் 6தான். திருநள்ளாறு கோயில் வாக்கியத்தின் பக்கம், தங்கச்சி கைப்பேசிச் செயலியின் பக்கம். விருச்சிகத்துக்கு அர்த்தாஷ்டமச் சனி விட்டதா இல்லையா என்பதே கேள்வி, ஏனென்றால் அப்பாவுக்குக் கண்ணில் புரை. 82 வயதில் கத்தி வைக்க நல்ல நேரம் பார்க்க வேண்டாமா? ஆஸ்பத்திரியில் கொடுத்த தேதியோ இரண்டு பஞ்சாங்கத்துக்கும் நடுவில், ஆகஸ்டு மாதம் வந்து விழுந்தது. தங்கச்சி வாதாடத் தயாராக இருந்தாள். அப்பா அட்டையை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"சனி எங்க வேணா இருந்துட்டுப் போவட்டும். இத விட்டா அப்புறம் நம்பர் எப்பக் கிடைக்கும்?"