புரியவில்லையா, கேட்கவில்லையா?

முதியோர் மருத்துவத்தில் நான் முதலில் பழகியது நாற்காலியை நகர்த்தத்தான். அப்பாவை அழைத்துவரும் மகன் எனக்கு நேரெதிரே உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் பதில் சொல்வார். "அவருக்கு ஒண்ணும் புரியாது டாக்டர்" என்பதையும் அப்பாவின் காதுபடவே சொல்வார். நான் எழுந்துபோய், வெளிச்சம் என் முகத்தில் விழும்படி பெரியவருக்கு எதிரே உட்கார்ந்துவிடுவேன். காது மந்தமானவர்கள் பாதிப் பேச்சை உதட்டைப் பார்த்துத்தான் பிடிக்கிறார்கள். வீட்டார் 'புரியவில்லை' என்பதில் கணிசமானது 'கேட்கவில்லை'தான்.

வயதாக ஆக யோசிக்கும் வேகம் குறையும். நாலைந்து விஷயங்களை ஒரே நேரத்தில் மனதில் நிறுத்தி ஒப்பிடுவது சிரமம். சொல்வளமும் அனுபவ அறிவும் அவ்வளவாகக் குறைவதில்லை. அதனால் சிகிச்சை வழிகளை ஒரே மூச்சில் அடுக்கமாட்டேன். ஒன்றைச் சொல்லிவிட்டுக் காத்திருப்பேன். அந்தக் காத்திருப்புதான் இந்தத் தொழிலிலேயே கடினம், வெளியே டோக்கனோடு ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்குமே! "புரிஞ்சுதா?" என்று கேட்பதில்லை, யாரும் தலையாட்டிவிடுவார்கள். "வீட்ல அம்மா கேட்டா என்னன்னு சொல்லுவீங்க?" என்று கேட்டால் தெரிந்துவிடும்.

மூட்டு மாற்று அறுவை சிகிச்சை வேண்டாம் என்ற ஒரு பாட்டியைப் பிடிவாதக்காரி என்றார்கள் பிள்ளைகள். காரணம் கேட்டேன். ஆபரேஷனுக்குப் பிறகு குத்தவைத்து உட்காரக் கூடாது. வீட்டில் இருப்பதோ பழைய கக்கூஸ், அதுவும் கொல்லையில். "அதை யாரு மாத்தித் தருவா?" என்றார். எல்லாம் யோசித்துத்தான் சொல்லியிருக்கிறார். ஒருவரின் முடிவு மற்றவர்களுக்குத் தவறாகப் படுகிறது என்பதாலேயே அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்றாகிவிடாது என்கிறது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். அது மனநல சிகிச்சைக்கான சட்டம்; மூட்டுவலிக்கும் நான் அதையே கடைப்பிடிக்கிறேன்.

போன வாரம் பால் கணக்குப் பார்த்தவர் இந்த வாரம் தடுமாறினால் வயதின்மேல் பழிபோடக் கூடாது. சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, சளிக்கோ தூக்கத்துக்கோ கடையில் வாங்கிப் போட்ட மாத்திரை என்று தேட வேண்டும். தெளியும்வரை எந்தப் பத்திரத்திலும் கையெழுத்து வேண்டாம் என்பேன்.

பண விஷயம் தனி. போனில் போலீஸ் போலப் பேசி 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டுகிறவர்கள் அவசரப்படுத்தியே காரியம் சாதிக்கிறார்கள். பெரிய பதவியில் இருந்தவர்களும் ஏமாந்திருக்கிறார்கள். அதற்காக ஏடிஎம் கார்டைப் பிடுங்கச் சொல்லமாட்டேன். பணம் அனுப்பும் வரம்பைக் குறைத்துவைக்கலாம். யார் மிரட்டினாலும் முதலில் வீட்டில் ஒருவருக்குப் போன் என்று முன்கூட்டியே பேசிவைக்கலாம். அந்த ஒருவர் யார் என்பதைப் பெரியவரே சொல்லட்டும் என்பேன். அங்கேதான் சில மகன்களின் முகம் மாறும்.